சவலை எலுமிச்சங்கன்று தேறுமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "புளியங்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பின்பக்கம் நின்ற எலுமிச்சை மரத்தை, வீட்டைப் பாகம் பிரித்தபோது வெட்டிவிட்டார்கள். கடைசியாகப் பறித்த பழத்திலிருந்து மாசி மாதம் இரண்டு விதை போட்டேன். மூன்று முளைத்தது. அதில் இரண்டு பட்டுப்போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றை வைகாசியில் டம்ளரிலிருந்து இருபது லிட்டர் பெயின்ட் வாளிக்கு மாற்றினேன். வாளியில் வீடு கட்டி மிஞ்சிய மண்ணும் எம்-சாண்டும் தென்னை நார்க்கழிவும் கலந்து போட்டிருக்கிறேன். கன்று ஒரு விரல் நீளம், ஆறு இலை, அதோடு நின்றுவிட்டது. மேல் இலைகள் மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகளின் நுனி கருகுகிறது. மொட்டை மாடியில் வைத்து, காலை மாலை போர்த் தண்ணீர் ஊற்றுகிறேன். வாரம் ஒரு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், ஒரு தடவை ஒரு சிட்டிகை யூரியாவும் கொடுத்தேன். அண்ணாச்சி, இன்னும் என்ன போட்டால் பிழைக்கும்?"

தம்பி, இப்போதைக்கு எதுவும் போடாதீர்கள். புண்ணாக்கு, யூரியா, யாராவது சொல்லும் டானிக், எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் கன்றுக்குப் பசி இல்லை. அதன் வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். உச்சியில் இரண்டு இலைக்கு நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குருத்து இருக்கும். அது பச்சையாக, தொட்டால் கெட்டியாக இருந்தால் கவலையில்லை. அது கருத்து உதிர்ந்துவிட்டது என்றாலும் பயப்படாதீர்கள். தண்டின் நடுப்பகுதியில் நகத்தால் மயிரளவு கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் இலைக் காம்பின் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணை ஒட்டிய தூர்ப்பகுதி மட்டும் பழுப்பாகி, நூல் கட்டி இறுக்கியது போல் ஒடுங்கியிருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அது தூரழுகல், அதற்கு வைத்தியம் இல்லை. போன இரண்டும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் நாள் நன்றாக நின்று மறுநாள் காலையில் சாய்ந்து கிடந்தது என்றால் அதுவேதான். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் மண்ணில் பூஞ்சை பிடித்து, தண்டை அடியில் தின்றுவிடும். விதையில் குற்றம் இல்லை.

இரண்டு விதைக்கு மூன்று முளைத்ததை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்வியிலேயே மனதில் தங்கியது அதுதான். நம் ஊர் எலுமிச்சை விதை ஒன்றுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றில் ஒன்று மகரந்தம் சேர்ந்து உண்டானது. மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே நேரடியாக உருவானவை. அதாவது அப்படியே தாய்தான். விதையிலிருந்து வளர்த்த மாமரம் தாயைப் போல் காய்க்குமா என்பது பெரும்பாலும் சந்தேகம். எலுமிச்சையில் அந்தச் சந்தேகம் குறைவு. அதனால்தான் ஒட்டுக் கட்டாமல், விதைக் கன்றாகவே நட்டுப் பல தலைமுறையாகத் தோப்பு எழுப்பியிருக்கிறார்கள். மகரந்தம் சேர்ந்த நாற்று பல நேரம் மெலிந்து, மற்றவற்றோடு போட்டி போட முடியாமல் பின்தங்கிவிடும். ஆகவே உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஆச்சி வீட்டு மரத்தின் பிள்ளை அல்ல, அந்த மரமேதான். இதைச் சொல்லாமல் வைத்தியம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வளர்த்தி நின்றுபோனதைப் பற்றிச் சொல்கிறேன். எலுமிச்சை தக்காளி மாதிரி நாளுக்கு நாள் ஏறும் செடி அல்ல. ஒரு தடவை கொழுந்து விடும், இலை விரியும், முற்றும், பிறகு சும்மா நிற்கும். மேலே சும்மா நிற்கும்போது கீழே வேர் ஓடும். வேர் கொஞ்சம் ஓடி முடித்ததும் மறுபடி மேலே கொழுந்து. இந்த மாறி மாறி நடக்கும் வேலை தெரியாதவர்கள், அது நிற்கும் மூன்று நான்கு வாரத்தில் பதறிப்போய் உரத்தைக் கொட்டுவார்கள். வேர் ஓட வேண்டிய நேரத்தில் வேரைச் சுட்டுவிடும் வேலை அது. விதையின் பருப்பு மண்ணுக்குள்ளேயே இருந்து நாற்றுக்குச் சோறு போடுவதும் எலுமிச்சையின் வழக்கம். அவரை, புளி மாதிரி பருப்பு தண்டோடு மேலே வராது. அதனால் முதல் சில வாரம் வெளியிலிருந்து உரம் எதையும் கேட்காது. உங்கள் கன்றுக்கு நாலு மாதம் ஆகிறது. விரல் நீளம் என்பது கொஞ்சம் சவலைதான், ஆனால் கைவிடும் அளவுக்கு இல்லை.

இனி இலை சொல்வதைப் படிப்போம். மஞ்சள் எந்த இலையில் முதலில் வருகிறது என்பதுதான் முக்கியம். அடி இலை முழுசாக மஞ்சளாகி, மேல் இலை பச்சையாக இருந்தால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது: மேலே புதிதாக வந்த இலைதான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. இது இரும்புச்சத்து ஏறாத இலை. இதற்கு யூரியா போட்டால் ஒரு பலனும் இல்லை. அடி இலை நுனி கருகுவது உப்பு. தண்ணீரோடு ஏறிய உப்பு இலை நுனியில் போய்ச் சேரும், போக இடமில்லாமல் அங்கேயே எரிக்கும். வாளியின் விளிம்பிலும் மண்ணின் மேலேயும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா பாருங்கள். இருக்கும்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, தம்பி. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். வேரால் அதை எடுக்க முடியவில்லை. காரணம் மூன்று, மூன்றும் உங்கள் வாளியில் கூடிவிட்டன. ஒன்று, போர்த் தண்ணீர். பாளையங்கோட்டை வட்டாரத்தில் பல இடங்களில் போர் போட்டால் கடினத் தண்ணீர்தான் வரும், துவைத்தால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். அந்த வெள்ளைதான் சுண்ணாம்பு. அது மண்ணில் சேரச் சேர மண் காரமாகும். காரமான மண்ணில் இரும்பு கரையாது. இரண்டாவது, வீடு கட்டி மிஞ்சிய மண். அதில் சிமெண்ட் தூள், பூச்சுக்காரை, ஜல்லித் துகள் எல்லாம் கலந்திருக்கும். இங்கே மண்ணுக்கே சுண்ணாம்புச் சுபாவம் உண்டு. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்தது பக்கத்தில் சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தானே. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மண்ணைக் கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் காதருகே வையுங்கள். பொறுபொறுவென்று சத்தம் கேட்டு நுரை வந்தால் அந்த மண் கன்றுக்கு ஆகாது.

மூன்றாவது காரணம்தான் பெரியது. விரல் நீளக் கன்றுக்கு இருபது லிட்டர் வாளி. பெரிய வீட்டில் குடிவைத்தால் பிள்ளை நன்றாக வளரும் என்று நினைத்துச் செய்தது புரிகிறது. ஆனால் அதன் வேர் குடிப்பது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர். மீதி மண் முழுவதும் ஈரம் காயாமல் கிடக்கும். மேல்மண் வெயிலில் காய்ந்து தெரியும், அதைப் பார்த்து நீங்கள் மறுபடி ஊற்றுவீர்கள். அடியில் சேறு. எம்-சாண்டில் உள்ள மாவுத்தூள் அடியில் இறங்கிப் படிந்து, வாளியின் ஓட்டையையும் அடைக்கும். மண்ணுக்குள் காற்று போக வழியில்லை. காற்றில்லாத வேர் தண்ணீரையும் எடுக்காது, சத்தையும் எடுக்காது. அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடி தண்ணீர் இல்லாத செடி மாதிரியே வாடும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம்.

இதை நான் கண்ணால் கண்டேன். எனக்கு சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றோரம் நாற்றுத் தோட்டம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி தோட்டத்துக்குள் ஏறி, எலுமிச்சைப் பைகள் இரண்டு நாள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு எல்லாக் கன்றும் உங்கள் கன்று மாதிரியே மஞ்சள் பாரித்து நின்றது. ஒரு பக்கத்துப் பைகளுக்குச் சீக்கிரம் தேறட்டும் என்று உரத் தண்ணீர் கொடுத்தோம். மறுபக்கத்துப் பைகளைக் கவனிக்க ஆள் இல்லை. மேட்டில் தூக்கி வைத்து, பையின் அடியில் இன்னும் இரண்டு ஓட்டை குத்திவிட்டு அப்படியே விட்டோம். மாசி பிறக்கும்போது உரம் குடித்த வரிசையில் பாதிக்கு மேல் போய்விட்டது. சும்மா விட்ட வரிசை கொழுந்து விட்டிருந்தது. வலுவிழந்த வேருக்கு உரம் என்பது புண்ணில் உப்பு. அந்தக் கன்றுகளை இழந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சாதாரணமாக, நோய்ப்பட்ட நாற்றை இடம் மாற்றாதே என்றுதான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் அந்த வாளியில் இருப்பதுதான் நோய், ஆகையால் மாற்றியே ஆக வேண்டும். ஒரு சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையையும் அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, குழாய் மாதிரி இருக்கும் நடுப்பகுதியை நீளவாக்கில் ஒரு கீறு கீறிக்கொள்ளுங்கள். அதை விரித்துக் கன்றைச் சுற்றி நிறுத்தி, மறுபடி வட்டமாகச் சேர்த்துப் பிடித்து, மெதுவாகத் திருகித் திருகி மண்ணுக்குள் முடிந்த ஆழத்துக்கு இறக்குங்கள். பிறகு பக்கத்து மண்ணைக் கையால் பறித்து, அடியில் கைகொடுத்துத் தூக்கினால் வேரோடு மண்கட்டி அப்படியே வரும். தண்டைப் பிடித்து இழுக்க மட்டும் கூடாது. தூக்க வேண்டுமென்றால் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை போனால் இன்னொரு இலை வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

மண்கட்டி உதிர்ந்துவிட்டால் அதுவும் நல்லதுக்கே. வேரைப் பார்த்துவிடலாம். நல்ல வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், நுனி பளிச்சென்று இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, தொட்டால் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடை அடிக்கும். அந்தப் பாகத்தைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். ஆணிவேர் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தால், வளைவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். டம்ளரிலிருந்து மாற்றும்போது வேரை மடக்கி வைத்தால் இப்படி ஆகும். அதை அப்படியே விட்டால் மரமான பிறகும் அந்த வளைவு இருக்கும், நாலு வருடம் கழித்துக் காற்றில் சாயும்.

புது வீட்டுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். எலுமிச்சையின் வேர் அகலத்தைவிட ஆழத்தைத்தான் முதலில் தேடும். அதனால் அகலத் தொட்டியைவிட உயரமான பாட்டில் நல்லது. கழுத்தை வெட்டிவிட்டு, அடியிலும் அடியை ஒட்டிய பக்கவாட்டிலும் சூடாக்கிய கம்பியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். வெளியே கறுப்புத் துணியோ கெட்டித் தாளோ சுற்றி விடுங்கள், வேருக்கு வெளிச்சம் ஆகாது. வாரம் ஒரு முறை துணியை விலக்கிப் பார்த்தால், பிளாஸ்டிக்கை ஒட்டி வெள்ளை வேர் இறங்குவது தெரியும். மேலே ஒன்றும் நடக்காத நாட்களில் அந்த வெள்ளைக் கோடுதான் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். நாற்றுத் தோட்டத்தில் எனக்கே கிடைக்காத வசதி அது, எங்கள் பைகள் எல்லாம் கறுப்பு.

மண் விஷயத்தில் நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் அரை நாள் பஸ்ஸில் போனால் நாலு விதமான மண்ணைத் தாண்டிவிடுவோம். திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணல், சங்கரன்கோவில் பக்கம் கரிசல், ஆற்றோரம் வண்டல், மலையடிவாரத்தில் செம்மண். 'எங்கள் வீட்டில் இந்த மண்ணில்தான் வைத்தோம்' என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொருந்தாது. பையில் வளரும் எலுமிச்சைக்குக் கரிசலும் வேண்டாம், குளத்தடியில் அள்ளும் கரம்பை மண்ணும் வேண்டாம். வயலுக்குக் கரம்பை பொன்தான், பாட்டிலுக்குள் அது இறுகிவிடும். கடையத்துப் பக்கமோ புளியங்குடியிலேயோ மலையடிவாரச் செம்மண் ஒரு பை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆச்சி வீட்டுத் தெருவிலிருந்தே கொண்டுவாருங்கள். அந்த மண் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. தொழுவுரம் தேயிலைத்தூள் மாதிரி உதிர வேண்டும், சாண வாடை அடிக்கவே கூடாது. வாடை அடித்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் மூன்று நாலு தடவை அலசிப் பிழிய வேண்டும், அதற்குள்ளும் உப்பு உண்டு. இந்தத் தடவை அதை விட்டுவிடுங்கள். வேளாண் கடையில் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சைத் தூள் கிடைத்தால் ஒரு ஸ்பூனைக் கலவையில் கலந்துகொள்ளலாம், தூரழுகல் பூஞ்சையை அது அடக்கி வைக்கும். நடும்போது முன்பு மண்ணுக்கு மேலே எவ்வளவு தண்டு தெரிந்ததோ, அதே அளவு தெரிய வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்துத் தண்டுக்கு மண் அணைத்துவிடாதீர்கள்.

தண்ணீர். பாளையங்கோட்டையில் உங்களுக்கு மாநகராட்சிக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வருமே, அதுதான் இனி கன்றுக்கு. பிடித்து ஒரு இரவு திறந்து வைத்து, மறுநாள் ஊற்றுங்கள். மழை பெய்தால் ஒரு பானையில் பிடித்து வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது, அவசரத்துக்கு ஆகும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டுத் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. 'வீணாகப் போகிறதே' என்று நிறைய பேர் அதைச் செடிக்கு ஊற்றிக் கொல்கிறார்கள். அரிசி கழுவிய தண்ணீரும் இந்தச் சின்னக் கன்றுக்கு வேண்டாம். அது புளித்து, கொசு மாதிரி குட்டி ஈக்களை அழைத்து வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் யாரிடமாவது இருந்தால் அளந்து பாருங்கள். 500-க்குள் என்றால் நிம்மதி, 1000-ஐத் தாண்டினால் எலுமிச்சை நாற்றுக்கு அது தண்ணீரே இல்லை. உப்பைத் தாங்காத மரங்களில் எலுமிச்சைக்கு முன்வரிசை. தென்னை தாங்கும், சப்போட்டா ஓரளவு தாங்கும், இது தாங்காது.

எவ்வளவு ஊற்றுவது என்று மணிக்கணக்கு வைக்காதீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தது இது: நீர் ஊற்றி வடிந்ததும் பையைக் கையில் தூக்கிக் கனத்தை மனசில் வாங்கிக்கொள். மறுநாள் தூக்கு. அதற்கடுத்த நாளும் தூக்கு. நன்றாக இலேசான பிறகு ஊற்று. அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் கை பழகிவிடும், பிறகு தூக்கும்போதே தெரிந்துவிடும். இந்தக் காற்றுக் காலத்தில் உங்கள் பாட்டிலுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை வேண்டியிருக்கலாம், வானம் மூடியிருந்தால் நாலு நாள்கூடப் போகலாம். ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்றுங்கள், அப்போதுதான் சேர்ந்த உப்பும் கழுவிப் போகும். அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள்.

இப்போது ஆனி. குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று சந்தோஷப்படும் அதே நாட்களில், மலையைத் தாண்டி வரும் மேற்குக் காற்று நம் சமவெளியில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றில்தான். ஆடி பிறந்தால் இன்னும் கூடும். மொட்டை மாடியில் நிற்கும் விரல் நீளக் கன்றுக்கு அந்தக் காற்று இரண்டு தீமை செய்யும். இலையை உலர்த்தும், தண்டை ஆட்டி ஆட்டிப் புதுவேரை அறுக்கும். அதற்கு மேல் தளத்துச் சூடு வேறு, பொழுது சாய்ந்த பிறகும் அடியிலிருந்து வேகவைக்கும். அதனால் கன்றைக் கீழே இறக்கி, வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் வையுங்கள். காலை வெயில் பத்து மணி வரை பட்டால் போதும். முருங்கை மரம் இருந்தால் அதன் நிழல் இன்னும் நல்லது, வெயிலைச் சலித்துக் கொடுக்கும். மாடியில்தான் வைக்க முடியும் என்றால், மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு, மேலே பாதி வெயில் மறைக்கும் பச்சை வலை, பாட்டிலுக்கு அடியில் ஒரு பலகை. மாற்றி நட்ட முதல் பத்து நாள் மட்டும் நேர் வெயிலே வேண்டாம். சிலர் மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து மூடுவார்கள். நம் ஊர் வெக்கையில் அது கன்றை அவித்துவிடும், செய்யாதீர்கள்.

பத்து நாள் கழித்து, கன்று வாடாமல் நின்றால், இலைக்கு மட்டும் ஒரு மருந்து. வேரை நம்பாமல் இரும்பை இலை வழியாகக் கொடுப்பது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள், அதுதான் இரும்பு சல்பேட். இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருப்பிடித்த நிறத்தில் தூளாக இருந்தால் வாங்காதீர்கள், அதில் வீரியம் போய்விட்டது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் கால் மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, பிறகு இரண்டு கிராம் அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். அந்தப் புளிப்பு இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும். வெயில் போன பிறகு, இலையின் மேலும் கீழும் பனி மாதிரி படும்படி ஒரு தடவை தெளித்தால் போதும். மீதியை வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுங்கள். தரையில் பட்டால் கறை போகாது, பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. இரண்டாவது தடவைக்குள் மஞ்சள் இலையில் பச்சை ஏறத் தொடங்க வேண்டும். நுனி கருகிய அடி இலைகள் திரும்பப் பச்சையாகாது, ஆனாலும் கிள்ளாதீர்கள். ஆறு இலைக் கன்றுக்குப் பாதி இலையும் சம்பாதிக்கும் கைதான்.

அப்புறம் பூச்சி. இலைமேல் வெள்ளிக் கோடு கிறுக்கியது போல் வந்து இலை சுருண்டால் அது இலைத் துளைப்பான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கும். அன்னபேதி தெளித்த அன்று இதைத் தெளிக்காதீர்கள், இரண்டு நாள் தள்ளியிருக்கட்டும். இதைவிடப் பெரிய ஆபத்து எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகளோடு அழகாகப் பறந்து வந்து, கொழுந்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் முட்டை இட்டுப் போகும். பொரிக்கும் புழு முதலில் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வளர்ந்து பச்சையானதும் ஒரே ஒரு புழு இரண்டு நாளில் உங்கள் ஆறு இலையையும் மொட்டையடித்துவிடும். பெரிய மரத்துக்கு அது ஒன்றும் இல்லை, இந்தக் கன்றுக்கு அது முடிவு. தினமும் காலையில் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். எச்சம் மாதிரி எதைக் கண்டாலும் குச்சியால் எடுத்துவிடுங்கள். கொல்ல மனசு வரவில்லை என்றால் பக்கத்தில் எங்காவது பெரிய நாரத்தையோ கறிவேப்பிலை மரமோ இருக்கும், அதில் விட்டுவிடலாம். ஒரு கொசுவலைத் துண்டைக் கூடாரம் மாதிரி கட்டிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

உரம் எப்போது என்றால், புதுக் கொழுந்து ஒரு சுற்று வந்து, இலை விரிந்து கரும்பச்சையான பிறகு. மாதம் ஒரு முறை ஒரு பிடி மண்புழு உரம் போதும். புண்ணாக்கு கன்று முழங்கால் உயரம் வந்த பிறகு.

நான் சொன்னபடி செய்தாலும் மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை மேலே ஒரு மாற்றமும் தெரியாமல் போகலாம். பாட்டிலுக்குள் வெள்ளை வேர் இறங்கினால் பேசாமல் இருங்கள். கொழுந்து வரும்போது முள்ளும் நிறைய வரும், விதைக் கன்றின் சுபாவம் அது. தரையில் நட இந்த வருடம் ஆசைப்பட வேண்டாம். பாட்டில் நிறைந்ததும் ஐந்து லிட்டர் பைக்கு மாற்றி, அடுத்த வருடம் ஐப்பசி மழை தொடங்கியதும் முக்கால் மீட்டர் ஆழ அகலக் குழியில், தண்ணீர் தேங்காத மேட்டில் நடலாம். விதைக் கன்று காய்ப்புக்கு வர நாலைந்து வருடம் ஆகும். தண்டு பென்சில் கனத்தைத் தாண்டிப் பக்கக் கிளை விட்டதும் ஒரு கிளையில் விண்பதியம் போட்டு (கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைத்து வெட்டி எடுப்பது), சித்தப்பா பெரியப்பா வீட்டுக்கும் ஒரு கன்று கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே மரம் என்றால் மறுபடி ஒரு நாள் யாராவது வெட்டும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பத்து நாளைக்கு ஒரு தடவை கன்றைப் படம் எடுத்து வையுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது, நாணயத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். பாட்டிலைச் சுற்றிய துணியை விலக்கி வேரையும் ஒன்று எடுங்கள். ஆடி கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.